என் மகளுக்கு வலி யார்?

கடைத்தெருவில் யாராவது "மாரி, மாரி" என்று கூப்பிட்டால், இருபத்தைந்து வருடம் கழித்தும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். மன்னார்குடியில் என் சித்தப்பா பெயர் மாரி. மலாய்க்காரர்களுக்கோ அது "வாங்க, வாங்க". மலேசியாவில் இந்த ஈப்போவுக்கு வந்த புதிதில், இந்த ஊரில் இத்தனை மாரிகளா என்று நான் வியந்ததைச் சொல்லி என் மனைவி லெட்சுமி இன்னமும் மானத்தை வாங்குவாள். அவள் சுங்காய் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அந்தத் தோட்டம் இன்று பாமாயில் எடுக்கும் செம்பனைக் காடு. மலாய் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு, நான் வேலை பார்க்கும் மிளகாய் மில்லுக்கு வேண்டிய அளவுதான் வரும்.

போன வருடம் எங்கள் ஒரே மகள் கயல், பீடோர் ஊர் மலாய்ப் பையன் பைசாலைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். இருவருக்கும் ஒரே மருந்துக் கடையில் வேலை. நல்ல பையன், குறை சொல்ல நானும் தேடித்தான் பார்த்தேன். கடைசியில் பெரிய மனது பண்ணி, "ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிடலாம். அவங்கவங்க சாமிய அவங்கவங்க கும்பிட்டுக்கட்டும்" என்றேன். ஊரில் என் மாமா மகன் அப்படித்தான் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கட்டினான். பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டார்கள். இருவரும் மதம் மாறவில்லை. சொந்தக்காரர்களுக்குள் கைகலப்பு வரை போனது வேறு விஷயம்.

லெட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர் நெனப்புலயே பேசாதீங்க லா. இங்க ஒரு ஆளு முஸ்லிம்னா இன்னொரு ஆளும் இஸ்லாத்துல சேரணும். சேந்துட்டா திரும்பி வர்றது லேசு இல்ல. நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னாகூட நம்ம முறைப்படி எதுவும் செய்ய முடியாது."

அதற்குப் பிறகு நான் பேசியதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. "மாறினா எனக்கு மகளே இல்ல" என்றேன். கயல் அழவில்லை. மாறினாள். மூன்று மாதம் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

ஒருநாள் மத்தியானம் இஸ்லாமியச் சமய இலாகாவிலிருந்து போன் செய்தாள். மில் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

"அப்பா, எனக்கு வலி நீங்க இல்லப்பா."

அவ்வளவு பேசியும் பிள்ளை என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். "சந்தோஷம்மா. இது போதும்மா எனக்கு" என்றேன். பிறகு பைசால் போனை வாங்கி எனக்குப் புரியும்படி மெதுவான மலாயில் விளக்கினான். வலி என்றால், நிக்காஹில் பெண்ணை மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் பொறுப்பாளர். பெற்ற தகப்பன்தான் முதலில். ஆனால் அவர் முஸ்லிமாக இருக்க வேண்டும். எனக்குப் பதிலாக இலாகா நியமிக்கும் ஒருவர் நிற்பாராம். "கோபமா, பாக்சிக்?" என்று மாமா முறை வைத்துக் கேட்டான். இல்லை என்று பொய் சொன்னேன்.

என் தங்கை கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது அப்பாவுக்குக் கை நடுங்கி, பாதித் தண்ணீர் வேட்டியிலேயே கொட்டியது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்த நடுக்கம் எதற்கென்று மில்லின் வாசலில் போனும் கையுமாக நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு நடுங்கக்கூட வாய்ப்பில்லை.

போகாமலே இருந்துவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். "குடுக்கத்தான் முடியாது, பாக்க முடியும் லா. கெளம்புங்க" என்றாள் லெட்சுமி.

பீடோரில் எங்களுக்கு முன்வரிசையிலேயே இடம் போட்டிருந்தார்கள். எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவர் பைசாலின் கையைப் பிடித்து, என் மகளைக் கொடுத்தார். இரண்டே வரியில் முடிந்துவிட்டது. நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனால் அந்த நிமிடம் அவரைக் கண்டால் எனக்கு ஆகவில்லை.

எல்லாம் முடிந்து கயல் என்னிடம் வந்தாள். காலில் விழப்போகிறாள் என்று, தூக்கிவிட நான் முன்கூட்டியே குனிந்துவிட்டேன். அவள் விழவில்லை. "விழக்கூடாதுப்பா" என்று மெல்லச் சொல்லிவிட்டு, இங்கே பெரியவர்களுக்குச் செய்வதுபோல என் வலது கையை எடுத்து முத்தமிட்டாள். நான் குனிந்தபடியே நின்றேன். இடது கை மட்டும், விழாத பிள்ளையைத் தூக்க நீண்டபடி இருந்தது.