பெயர் மாற்றிய பதினேழு பெண்கள்

பால்டிமோரில் ஆஸ்பத்திரித் துணி வெளுத்த பதினேழு கறுப்புப் பெண்களிடம் கதை கேட்டு எழுதியே பேராசிரியை ஆனவள் வெர்னெட்டா கெய்தர். அந்தப் பல்கலைக்கழகச் சமூகவியல் துறையில் அவளுக்கு முன் ஒரு கறுப்புப் பெண் கிடையாது. "சொந்தக்காரங்க வம்பை எழுதினா ஆராய்ச்சியா?" என்று வெள்ளைக்காரச் சகாக்கள் சிரித்தார்கள். அவளிடம் பிழை கண்டுபிடிக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

அதனால் ஆராய்ச்சி விதியை அவள் இம்மி பிசகாமல் கடைப்பிடித்தாள். பேசியவர்களின் பெயரை மாற்று என்றது விதி. மாற்றினாள். மேலதிகாரி அடையாளம் கண்டு வேலையைப் பறித்துவிடக் கூடாதென்று ஒருத்தியின் பிள்ளையை இன்னொருத்தியின் கதையில் சேர்த்தாள். ஐந்து வருடம் கழித்து பேச்சைப் பதிந்த ஒலிநாடாக்களையும் உண்மைப் பெயர்ப் பட்டியலையும் அழி என்றது. மற்றவர்கள் அலமாரியில் போட்டு மறந்துவிடுவார்கள். இவள் தன் கையாலேயே அழித்தாள். இவளைக் குறை சொல்வது சுலபம், இவள் இடத்தில் இருந்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

ஓய்வு பெறும் மாதம், பஸ் ஓட்டும் சீருடையோடு ஒருத்தி அறைக்கு வந்தாள். கையில் வெர்னெட்டாவின் புத்தகம்.

"நான் லட்ரீஸ் ப்ரையர். எங்கம்மா ஒடெஸா பிப்ரவரியில தவறிட்டாங்க. இதை பைபிளோட வெச்சிருந்தாங்க, டாக்டர் கெய்தர். இதுல நான் இருக்கேன்னு சொல்வாங்க. எந்தப் பேருலன்னு மட்டும் சொன்னதில்ல."

"சொல்லக் கூடாதுன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன், கண்ணு."

"இதுல வர்ற ரூபி, மூத்த பையனை கரோலினாவுல விட்டுட்டு வந்தவ. அது எங்கம்மாவா? எனக்கு ஒரு அண்ணன் இருக்கானா?"

வெர்னெட்டாவுக்கு ஒடெஸாவின் சமையலறை நினைவுக்கு வந்தது. பொரித்த மீனும் வெள்ளை ரொட்டியும் தந்து, சாப்பிட்டால்தான் பேசுவேன் என்றவள். என்ன பேசினாள் என்பது வரவில்லை.

"தெரியல."

"டேப் இருக்குமே?"

"அழிச்சிட்டேன்."

லட்ரீஸ் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"இவங்க பேச்சை யாரும் காதுல வாங்கலன்னு முன்னுரையில எழுதியிருக்கீங்க. நீங்க வாங்கினீங்க, சரி. அதை எங்கதான் வெச்சீங்க?"

வெர்னெட்டாவுக்குத் தன் வாழ்நாள் முழுவதும் செய்த வேலை வெறும் குப்பை என்று தோன்றியது.

லட்ரீஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரித்து நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்க. என் பேருக்கு வேணாம், எங்கம்மா பேருக்கு. ஒரு எடத்துலயாவது இருக்கட்டும்."

வெர்னெட்டா ஒடெஸா ப்ரையர் என்று எழுதினாள். லட்ரீஸ் போன பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மற்ற பதினாறு பேரின் உண்மைப் பெயர்களை எழுத உட்கார்ந்தாள். நாலு வந்தன. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.