பவளம் அன்ரியின் வலது முழங்கால்

நோகிறது என்று வருகிறவரை இன்னும் கொஞ்சம் நோகப்பண்ணி அனுப்புவதுதான் பிசியோதெரபி. வெள்ளவத்தையில் ஒரு சின்னக் கிளினிக்கில் எனக்கு வேலை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். நோயாளிக்குச் சொன்னது சரியா என்று வீட்டில் கேட்க ஆளில்லை. என்னைப் போல் புதிதாக இந்த வேலைக்கு வந்த உங்களுக்கு இது விளங்கும்.

எந்தக் கால்?

பவளம் அன்ரிக்கு வலது முழங்கால் தேய்ந்திருந்தது. மூட்டை மாற்றலாம், அல்லது முதலில் பயிற்சி செய்து பார்க்கலாம் என்று சர்ஜன் முடிவை அவரிடமே விட்டிருந்தார். அன்ரி பயிற்சி என்றார். காலை நீட்டித் தூக்கிப் பிடிக்கக் காட்டிக்கொடுத்தேன். அடுத்த கிழமை வந்தவர் கேட்காமலே செய்து காட்டினார், இடது காலில்.

"நோகிற காலை ஏன் பிள்ளை கரைச்சல்படுத்துவான்? நல்ல காலிலதான் செய்யிறனான்."

தங்கச்சியின் கட்சி

துணைக்கு வரும் தங்கச்சி மணி அன்ரி ஒப்பரேஷன் கட்சி. இருவரும் இருப்பது லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டில், மூன்றாம் மாடி. கிளினிக் நாளைத் தவிர அக்கா படி இறங்குவதே இல்லையாம்.

"மாத்திப்போட்டு நிம்மதியா நடவன் அக்கா. எத்தினை பேர் செய்யினம்!"

"என்ர கால் கிடக்கட்டும். முதல்ல உன்ர வாயை மாத்து."

நல்ல முன்னேற்றம்

நாளடைவில் அன்ரி முகம் சுளிக்காமல் வலது முழங்காலை மடக்கினார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. ஒருநாள் மணி அன்ரி போட்டுடைத்தார்: இங்கே வரமுன் அக்கா வலிக் குளிசை போடுகிறாராம், வீட்டில் ஒரே முனகலாம்.

அன்றைய பயிற்சியை அதோடு நிறுத்தினேன். "அன்ரி, உங்களுக்குப் பயிற்சி மட்டும் காணாது. சர்ஜனிட்டத் திரும்பப் போங்கோ," என்றேன். ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்டேன்.

"ஒவ்வொரு முறையும் பயந்து பயந்து என்ர முகத்தைப் பாப்பாய். கஷ்டப்பட்டுப் படிச்சு வந்த பிள்ளை, தோத்துப்போகக் கூடாதெண்டு நினைச்சன்."

புது மூட்டு

ஒப்பரேஷன் முடிந்து, ஃபிளாட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுத்தேன். முழங்காலை மடக்கியதும் அன்ரி கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்தார். நான் கையை எடுத்துவிட்டேன். அவர் அதைப் பிடித்துத் திரும்ப முழங்காலில் வைத்தார்.

"நான் கத்துவன். நீ விடாத."

எந்த மூட்டுக்குக் கத்தி, எந்த மூட்டுக்குப் பயிற்சி என்றெல்லாம் எங்களுக்குப் படிப்பித்தார்கள். மூட்டுக்குச் சொந்தக்காரர் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் படிப்பிக்கவில்லை.