உத்தனப்பள்ளி முனியப்பனுக்குச் சுருட்டை முடி வந்த கதை

வெங்கடம்மாள் சிமெண்டில் சாமி செய்பவள். கொத்தனார் புருஷன் செத்த பிறகு கரணையை அவளே கையில் எடுத்துக்கொண்டாள். ஆனால் ஓசூர்ப் பக்கத்துக் கோயில்காரர்கள் அவளிடம் சாமி கேட்டதில்லை. அசுரன்தான் கேட்டார்கள்.

"உனக்கென்ன கஷ்டம்? கண்ணாடியைப் பார்த்துச் செஞ்சுடு" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரிப்பார்கள்.

அவள் முடி அப்படி. எவ்வளவு எண்ணெய் குடித்தாலும் படியாது, சுருண்டு எழுந்து நிற்கும். அது தாத்தா விட்டுப்போன சொத்து. அவர் ஆப்பிரிக்காவில் பிறந்து, யார் யார் கையிலோ விலைபோய், கடைசியில் மத்திகிரி குதிரைப் பண்ணைக்கு வந்து சேர்ந்தவர். எந்த ஊர் என்று கேட்டால் ஒருநாள் தெற்கே கை காட்டுவாராம், மறுநாள் மேற்கே. வெங்கடம்மாளின் அம்மா நஞ்சம்மா தேன்கனிக்கோட்டைக் காட்டு இருளச்சி. குதிரைக்காரன் மகனோடு ஓடிவந்த அன்றே அவள் சனம் அவளைத் தலைமுழுகிவிட்டது.

உத்தனப்பள்ளியில் முனியப்பன் சிலை செய்ய வந்த சேலத்து ஆள், சாப்பாடு சரியில்லை என்று பாதியில் கம்பி நீட்டிவிட்டான். குதிரை நின்றது, மேலே ஆள் இல்லை. திருவிழா நெருங்கிவிட்டது. ஊர்ப் பெரியவர் திம்மப்பன் வேறு வழியில்லாமல் வெங்கடம்மாளைக் கூப்பிட்டார்.

"சாமி நல்ல ரோஜாப்பூ நிறத்துல இருக்கணும். உன் கைவரிசையைக் காட்டிடாதே."

"ஆகட்டும் கவுடரே."

காலிக் குதிரையைப் பார்த்ததும் அவளுக்குத் தாத்தாவைத் தவிர வேறு யாரையும் அதன்மேல் ஏற்றத் தோன்றவில்லை. சுற்றிலும் கீற்றுத் தட்டி கட்டி மறைத்துக்கொண்டாள். தடித்த உதடு, அகன்ற மூக்கு, ஒவ்வொரு சுருளாகக் கிள்ளிக் கிள்ளி வைத்த முடி. நிறம் நல்ல கரிக்கறுப்பு. குதிரைக்குப் பக்கத்தில் அம்மாவை நிறுத்தினாள்: கழுத்து நிறையப் பாசிமணி, இடுப்பில் தேன்குடுக்கை, வாயில் பீடி. பூசாரி வந்து கண் திறக்க வேண்டிய நாளில், விடியும்போதே இருவருக்கும் கண்ணை அவளே எழுதிவிட்டாள்.

தட்டியைப் பிரித்ததும் மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"ஏனம்மா இது?" திம்மப்பனுக்குக் கோபம் வந்தால் கன்னடம்தான் வரும். "யாரு இவனு?"

"முனியப்பன்."

"முனியப்பன் இப்படியா இருப்பார்?"

"நீங்க எங்கே பார்த்தீங்க?"

"சரி, அந்தப் பொம்பளை? பீடி வேற!"

"காவலுக்கு நிக்கிறா. தூக்கம் வராம இருக்க வேணாமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். திம்மப்பன் கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். கடப்பாரை வந்தது. அதைப் பிடிக்கத்தான் ஆள் வரவில்லை. கண் திறந்துவிட்ட சாமியை யார் இடிப்பது? பூசாரி இடுப்பு வலி என்றார். கடைசியில் திம்மப்பனே தூக்கினார். குதிரைமேலிருந்த கறுப்பு முகம் அவரையே முறைத்தது. கடப்பாரையைத் தரையில் ஊன்றி, அதற்காகவே கொண்டுவரச் சொன்னவர்போல அதன்மேல் சாய்ந்து நின்றார்.

"பொங்கல் வைக்க நேரமாகுது" என்றார்.

சேதி காடு வரைக்கும் போனது. அடுத்த வாரம் இருளர் கூட்டம் ஒன்று இறங்கி வந்தது. முன்னால் வந்தவர் நஞ்சம்மாவின் தம்பி மாதப்பன். பாசிமணிகளைத் தொட்டுப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார்.

"எங்க அக்கா இவ்வளவு அழகில்லையே" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பிறகு குதிரைமேல் இருந்தவரைக் காட்டிக் கேட்டார்: "இவர் யாரு பாப்பா?"

அந்த வாய் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. நாற்பது வயதுப் பாப்பா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அப்பாவைப் பெத்தவர், மாமா."

"அட, நம்ம சம்பந்தி!"

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். மாதப்பன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மடியிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார். சம்பந்தியின் காலடியில் கொஞ்சம் ஊற்றினார். மீதியில் பாதியைத் தான் குடித்துவிட்டு, புட்டியை மருமகளிடம் நீட்டினார்.