சகாதேவன் கேட்காத மழை

சகாதேவனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. மரக்காணத்தில் சவுண்டு சர்வீஸ் நடத்திய காலமெல்லாம் மேடைக்குப் பின்னால், ஆம்ப்ளிபயர் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி கிடக்கும், அதிலும் உட்காரமாட்டார். தென்னைமரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவார். "அலோ, மைக் டெஸ்டிங்" என்பார். பேசவேண்டியவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். கல்யாணமோ கருமாதியோ, அவர் பேச்சு அவ்வளவுதான்.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்ததும் அது மாறியது. வேன் மேல் குழாயைக் கட்டி, கூனிமேட்டுக்கும் பொம்மையார்பாளையத்துக்குமாக ஓடினார். யாரைக் காணோம், யார் எந்தப் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறார்கள் என்பதை ஜனங்கள் அந்தக் குரலில்தான் கேட்டார்கள். அடுத்த சட்டசபைத் தேர்தல் வந்தபோது கட்சிக்கு அந்தக் குரல் ஞாபகம் வந்தது.

"உன் தொண்டைய தொகுதிக்கே தெரியும்பா. நீயே நில்லு" என்றார் மாவட்டப் பொறுப்பாளர்.

தொகுதியில் கிழக்கே உப்பளம், மேற்கே விவசாயம். உப்பளத்துக்கு வெயில் வேண்டும், கொல்லைக்கு மழை. உப்பு விளையும் மாதங்களில் அளத்துக்காரர்கள் மழை என்ற பேச்சையே எடுப்பதில்லை. வானம் கறுத்தால், 'விருந்தாளி வர்றாப்ல இருக்குது' என்பார்கள். உப்பு சுமந்த முத்தம்மாளின் மகன் சகாதேவன். அவருக்கு இது தெரியாதா? ஆனாலும் சித்திரை வெயிலில், மேற்கே பிரம்மதேசத்தின் ஓட்டுக் கூட்டத்தில், வாடிக்கிடந்த வேர்க்கடலைக் கொல்லைகளைப் பார்த்தபடி பேசியபோது வாய் தவறிவிட்டது.

"நாளைக்கே நல்ல மழை பெய்யணும்னு வேண்டிக்கிறேங்க."

கைதட்டல் பிரமாதம். மறுநாள் மத்தியானம் கொட்டித் தீர்த்தது. அளத்தில் வாரி வைத்திருந்த உப்பில் பாதி கரைந்து பாத்தியோடு போனது.

ஓட்டுக்கு முன் அளத்துக்குப் போகாமல் முடியாது. கால் கூசக் கூச வரப்பில் நடந்தார். பெண்கள் நிமிரவில்லை. சின்னப்பாப்பா மட்டும் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவருடைய அம்மாவோடு உப்பு சுமந்தவள்.

"வாங்க எம்எல்ஏ. நீங்க கூப்ட்டீங்க, விருந்தாளி வந்தாரு. நல்லா சாப்ட்டுட்டுப் போயிட்டாரு."

"வாய் தவறிடுச்சிக்கா."

"எங்களுக்குத் தவறினா நாக்கக் கடிச்சிக்குவோம். நீ குழா கட்டி இல்ல சொன்ன."

யாரோ சிரித்தார்கள். சின்னப்பாப்பா சிரிக்கவில்லை. ஈர உப்பை ஒரு கை அள்ளி நீட்டினாள்.

"இதுமேல கைய வை. உப்பு எடுத்து முடியிறவரைக்கும் அந்தப் பேச்சு உன் வாயில வராதுன்னு சொல்லு. அப்புறம் ஓட்டு கேளு."

வைத்தார். ஒயர் கிழித்திருந்த விரல் எரிந்தது. சொன்னார்.

கொஞ்ச ஓட்டில்தான் ஜெயித்தார். அளத்து ஓட்டு இல்லையென்றால் தோற்றிருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். சென்னையில், சட்டசபையின் பின்வரிசையில், அந்த எரிச்சல் விரலை விட்டுப் போகவில்லை. யார் எழுந்து பேசினாலும் அவர் காது மைக்கின் இரைச்சலுக்குப் போகும், கால் வெளியே போகும். வராந்தாவில் நின்று வானத்தைப் பார்ப்பார். கறுத்திருந்தால் மரக்காணத்துக்குப் போன் போடுவார்.

ஆனி மாதம் பிரம்மதேசத்தில் நன்றி அறிவிப்புக் கூட்டம். குழாய் கட்டியவன் அவருடைய பழைய கடைப் பையன் பிரபு. மைக்கைக் கையில் வாங்கியதுமே முன்வரிசையில் இருந்து அர்ச்சுனன் எழுந்தார். பத்து ஏக்கர்க்காரர், ஊர் முழுக்க ஓட்டு வாங்கித் தந்தவர்.

"மத்ததெல்லாம் அப்புறம் பேசுப்பா. அன்னிக்கு சொன்னியே, அத சொல்லு மொதல்ல. உன் வாய்க்கு வருது."

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றது கூட்டம்.

சகாதேவன் மைக்கை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"அளத்துல உப்பு கெடக்குதுங்க. நான் உப்புமேல கை வச்சிருக்கேன். அது லாரி ஏறி முடியட்டும், ஐப்பசியில வந்து நானே கேக்கிறேன்."

"ஐப்பசில அது தானா வருமே. அதுக்கு எம்எல்ஏ எதுக்கு?" என்றார் அர்ச்சுனன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் பின்னால் நாற்காலிகள் காலியாயின.

பிரபுவோடு சேர்ந்து ஒயரைச் சுற்ற உட்கார்ந்தார் எம்எல்ஏ. அதையும் பாதியில் விட்டுவிட்டு வண்டியில் ஏறினார். பிரம்மதேசம் போனது போகட்டும், சத்தியமாவது மிஞ்சியது என்று நினைத்துக்கொண்டார். பாதி வழியில் கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

"அளத்துக்கு விடுப்பா. சீக்கிரம்."

வண்டி நிற்பதற்குள் இறங்கி ஓடினார். காற்று தென்னங்கீற்றுகளைப் பிடுங்க, பெண்கள் குவியல்களை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நான் கேக்கல. அவங்க எவ்ளோ சொல்லியும் கேக்கல. பிரபுவ வேணா கேளு."

சின்னப்பாப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கேட்டாலும் வருது, கேக்கலைன்னாலும் வருது. உன் ராசி அப்படி. வெள்ளச் சட்டைய பாத்துக்கினு நிக்காத, அந்தக் கீத்த அமுக்கிப் புடி."

சகாதேவன் மண்டி போட்டுக் கீற்றின் மேல் உட்கார்ந்தார். எழுந்திருக்க வழியில்லை.