வெறுங்கையாகப் போனவர்கள்

போன வாரம் திண்டிவனத்தில் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். மூன்று சுடிதாரைப் பிரிக்கச் சொன்னேன். மூன்றும் பிடிக்கவில்லை. குற்ற உணர்ச்சியில் நானே மடித்து வைக்க ஆரம்பித்தேன். விற்பனைப் பெண் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "விடுங்கக்கா. நீங்க மடிச்சா அளவு வராது, திரும்ப நாந்தான் பிரிச்சு மடிக்கணும்" என்றாள். மரியாதை என்று நினைத்து ஒருத்தியின் வேலையை இரண்டு மடங்காக்கியிருக்கிறேன். இதில் எனக்கு எட்டு மாத முன் அனுபவம் வேறு.

அந்த அனுபவத்துக்குப் புதுத்துணியின் கஞ்சி வாசனை. இன்ஜினியரிங் முடித்து, வேலைக்கான கடிதம் வரும்வரை, விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றேன். வேலை பார்த்தேன் என்பதைவிட நின்றேன் என்பதே சரி. ஸ்டூல் எல்லாம் வாடிக்கையாளருக்கு மட்டும்.

நிற்கிறவளுக்கு யோசிக்க நிறைய நேரம் உண்டு. பழைய லேப் ரெக்கார்டின் பின்பக்கத்தில் வாடிக்கையாளர்களுக்கான விதிகள் எழுதி வைத்தேன். ஒன்று, அடுக்கின் நடுவிலிருந்து புடவையை உருவக் கூடாது. இரண்டு, போண்டா சாப்பிட்ட கையோடு பட்டைத் தொடக் கூடாது. மூன்று, எழுந்து போக முடிவு செய்த பிறகு "இதுல வேற கலரு இருக்கா" என்று கேட்கக் கூடாது. இப்படிப் பன்னிரண்டு. ஒரு நாள் என் அம்மா கடைக்கு வந்து, கால் மணி நேரத்தில் ஒன்பதை மீறினாள். மீதி மூன்றுக்கு அவளுக்கு நேரம் இல்லை.

ஆனால் உண்மையான விதி கடையின் விதிதான். புடவைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒருவர் ஒன்றும் வாங்காமல் போனால், காட்டிய பெண்ணின் நம்பருக்கு நேராக சூப்பர்வைசர் நோட்டில் ஒரு கோடு போடுவார். அதற்கு எங்களிடையே 'வெறுங்கை' என்று பெயர். வாரம் முழுக்க வெறுங்கை இல்லாதவளுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை லீவு. வந்தவர்கள் ஒரு கர்ச்சீப் வாங்கினாலும் போதும், கோடு விழாது. "வந்து பாக்கறோம்", "வீட்ல கேட்டுட்டு வர்றோம்" என்று சொல்லிப் போகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது.

பட்டுப் பிரிவில் நஸ்ரின் நின்றாள், முப்பத்தொன்றாம் நம்பர். பாண்டிக்குப் பக்கத்தில் கோட்டக்குப்பத்துப் பெண், கடை விடுதியில் தங்கியிருந்தாள். அவளுடைய அப்பா, அவள் சொல்கிறபடி அத்தா, நாலு வருஷம் கழித்து துபாயிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறார். வீட்டில் எல்லோரும் வேன் வைத்து மீனம்பாக்கம் போகிறார்கள். வேனில் அவளுக்கும் ஒரு சீட் பிடித்து வைத்திருந்தார்கள். அந்த வாரம் வெள்ளிக்கிழமைவரை அவள் ஒரு கோடுகூட வாங்கவில்லை. போகிறவர்களை வாசல்வரை தொடர்ந்து போய் கர்ச்சீப் விற்றாள்.

சனிக்கிழமை சாயந்திரம் அனந்தபுரத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் வந்தது. ஏழு பேர், ஏழு அபிப்பிராயம். எழுபது புடவைக்குமேல் பிரித்துக் காட்டினாள். கடைசியில் பெண்ணின் பெரியம்மா எழுந்து, "வந்து பாக்கறோம்" என்றார். நஸ்ரின் சரிங்க என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து மடிக்கத் தொடங்கினாள்.

படிவரை போன பெரியம்மா நின்றார். என்னுடைய ஜாக்கெட் துணிப் பிரிவு படிக்குப் பக்கத்தில்தான்.

"இம்மா நேரம் அந்தப் பொண்ணு பிரிச்சிப் போட்டுக்கினே நின்னுது. சும்மா எழுந்து போனா நல்லாவா இருக்குது? ஏதோ ஒரு ஜாக்கெட் பிட்டு குடும்மா."

என் பன்னிரண்டு விதிகளிலும் இது இல்லை. இவ்வளவு நல்லவர் ஒருவர் வருவார் என்று நான் திட்டமிடவில்லை. பச்சையில் ஒன்றை வெட்டினேன். பில் சீட்டில் நஸ்ரினின் நம்பரைப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, எட்டு மாதப் பழக்கத்தில் கை இருபத்தேழு என்று எழுதியது. அது என் நம்பர்.

கடை மூடும் நேரத்தில், நோட்டில் கோடு விழுந்தபோதுதான் தெரிந்தது. என் தவறுதான் என்று சூப்பர்வைசரிடம் காரணங்களை வரிசைப்படுத்திச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். "நீதான இங்க படிச்ச பொண்ணு. நம்பரப் பாக்காமயா எழுதுவ?" என்றார். அந்த வாரம் கோடு விழாத இருபத்தேழாம் நம்பருக்கு லீவு, முப்பத்தொன்றுக்குக் கோடு. என் லீவை அவளுக்குத் தரலாமா என்று கேட்டேன். அப்படி ஒரு வழக்கம் இல்லையாம்.

நஸ்ரின் என்னைத் திட்டவில்லை. "உடு. அத்தா எங்க ஓடிப் போவப் போறாரு" என்றாள். திட்டியிருக்கலாம்.

லீவு நாளில் வீட்டில் இருக்க முடியாமல் நான் கடைக்குப் போனேன். மதியம் பன்னிரண்டு மணிக்கு வாசலில் ஒரு வேன் நின்றது. திண்டிவனத்திலேயே பாண்டிக்குத் திரும்ப வேண்டிய வண்டி. அதை நேரே விழுப்புரத்துக்கு விடச் சொல்லியிருக்கிறார் அவளுடைய அத்தா. மற்றவர்களை வண்டியில் இருக்கச் சொல்லிவிட்டு, அவர் மட்டும் மேலே ஏறி வந்தார். கசங்கிய வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை.

வேலை நேரத்தில் வீட்டாரோடு பேசக் கூடாது. வாடிக்கையாளரோடு பேசாமல் இருக்கக் கூடாது. இரண்டுமே கடை விதிகள். வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேடைக்கு இந்தப் பக்கம், நஸ்ரினுக்கு எதிரே இருந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்தார். சூப்பர்வைசர் மூன்றடி தள்ளி நின்றார்.

"வாங்க. என்ன பாக்கறீங்க?"

"பொடவ."

"யாருக்குங்க?"

"எம் பொண்ணுக்கு."

"என்ன வயசுங்க?"

"நான் பாத்தப்ப பதினேழு."

அவள் முதல் புடவையைப் பிரித்தாள். இரண்டு மணி நேரம் பிரித்தாள். சூப்பர்வைசர் நகரும்போதெல்லாம் குரல் தாழ்ந்தது, திரும்பி வரும்போதெல்லாம் பார்டரைப் பற்றிப் பேசினார்கள். அவர் புடவைகளைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. கடைசியில் பர்ஸை எடுத்தார். "இங்க வாணாம் அத்தா, பாண்டில இதே கம்மிக்குக் கெடைக்கும்" என்று மெல்லச் சொன்னாள். அவர் எழுந்து, எல்லோரையும் போல "வந்து பாக்கறோம்" என்றார். முப்பத்தொன்றுக்கு நேராகப் புது வாரத்தின் முதல் கோடு விழுந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது அந்தக் கடையில் கோடு போடும் நோட்டு இல்லை. நல்ல விஷயம். வேலை பார்க்கும் பெண்களுக்கு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், அதுவும் நல்ல விஷயம். புடவைகளை ஹேங்கரில் மாட்டிவிட்டார்கள். வருகிறவர்கள் தாங்களே தள்ளித் தள்ளிப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு, யாரிடமும் பொய் சொல்லாமல் போகிறார்கள். வெள்ளை விரிப்புப் போட்ட அந்த நீள மேடையையும் எடுத்துவிட்டார்கள். மகளைப் பார்க்க ஒருவர் வந்தால் எங்கே உட்கார வைப்பார்கள் என்று தெரியவில்லை.