பேருக்குக் கீழே என்ன போடட்டும்?

"புரமோஷனாண்ணா?"

போன மாதம் வில்லியனூரில் ஒரு பேனர் கடையில் உட்கார்ந்திருந்தபோது டிசைனர் பெண் ஸ்டெல்லா என்னிடம் கேட்ட கேள்வி இது. என் தங்கை அமுதாவின் மகளுக்குக் காதணி விழா. தாய்மாமன் மடியில்தானே குழந்தையை உட்கார வைத்துக் காது குத்துவார்கள்? அதனால் பேனரில் குழந்தைக்கு அடுத்த பெரிய முகம் என்னுடையது. பிள்ளையாரைவிட நான் பெரிசு!

ஸ்டெல்லா வேலையில் கெட்டி. போன வருஷம் தங்கை வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு அடித்த பேனரிலிருந்து என்னை அப்படியே வெட்டி எடுத்து இதில் ஒட்டி வைத்திருந்தாள். அதே கூலிங்கிளாஸ். அதே கும்பிடு. பேருக்குக் கீழே அதே வரி — சீனியர் எலெக்ட்ரீஷியன் என்று போட்டு, பக்கத்தில் கம்பெனி பெயர்.

"அந்தக் கீழ் வரியை மட்டும் எடுத்துடும்மா" என்றேன்.

அதற்குத்தான் கேட்டாள், புரமோஷனா என்று.

"இல்லம்மா. வெளிய அனுப்பிட்டாங்க."

உங்களிடமும் இப்போதுதான் சொல்கிறேன். அதற்கு ஆறு வாரம் முன்பே எனக்கு வேலை போயிருந்தது. அந்த ஆறு வாரமும், வழக்கமாக நான் எழுதும் இந்தப் பக்கத்தில் கொசுவைப் பற்றி எழுதினேன், மாங்காய் ஊறுகாயைப் பற்றி எழுதினேன், பக்கத்து வீட்டுச் சேவலைக்கூட விடவில்லை. "சார், கொஞ்ச நாளா உங்க கம்பெனிக் கதையே காணோமே?" என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். பதில் எழுதவில்லை. மன்னியுங்கள் அம்மா... இதுதான் பதில்.

நடந்தது இவ்வளவுதான். கம்பெனியில் ஒரு உற்பத்தி லைனை வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். லைனே போனபின் அதைப் பார்த்துக்கொண்ட ஆளுக்கு என்ன வேலை? எங்களில் பதினோரு பேரை டிரெயினிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். டீ கொடுத்தார்கள். கூடவே பிஸ்கட். பத்தொன்பது வருஷ சர்வீஸில் ஹெச்.ஆர். எனக்கு பிஸ்கட் கொடுத்தது அன்றைக்குத்தான். தட்டைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

மனைவியிடம் அன்றே சொன்னேன். ஒரு நிமிஷம் சுவரைப் பார்த்தாள். "மொதல்ல சாப்புடு" என்றாள். அவளோடு நிறுத்திக்கொண்டேன். தங்கையிடம் சொல்லவில்லை, ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஏன்? இதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் திருடினேனா? குடித்துவிட்டு வந்து மெஷினில் கை வைத்தேனா? ஒரு மெமோ வாங்கியதில்லை. பிறகு வெட்கம் ஏன் எனக்கு வருகிறது? பிஸ்கட் கொடுத்தவருக்கல்லவா வர வேண்டும்?

காலையில் ஐந்து பத்துக்கு அலாரம் இல்லாமலே விழிப்பு வந்துவிடும். எங்கள் வீட்டருகே பாகூர் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன். பஸ்ஸில் போகிறவர்களுக்கு சுவரைத் தாண்டி என் படுக்கை தெரியுமா என்ன? தெரியாது. ஆனாலும் மூடிக்கொள்வேன்.

டீக்கடைக்குப் போனால், "இன்னா, இன்னிக்கி லீவா?" எங்கள் பக்கம் இது விசாரணையே இல்லை, வணக்கம் சொல்கிற மாதிரி. முதல் வாரம் "ஆமா, லீவு" என்றேன். இரண்டாம் வாரம் "நைட் ஷிஃப்ட்" என்றேன். மூன்றாம் வாரம் டீக்கடையை மாற்றினேன்.

சரி, பேனருக்கு வருவோம். வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று கேட்டும் ஸ்டெல்லா அசரவில்லை. உச்சுக் கொட்டக்கூட இல்லை. மவுஸைத் தட்டியபடியே கேட்டாள்.

"அப்ப பேருக்குக் கீழ இன்னா போடட்டும்ணா? தொழிலதிபர்னு போட்டுடவா?"

"எனக்கு ஒரு தொழிலும் இல்லியேம்மா."

"இல்லாதவங்களுக்குத்தாண்ணா அது. படிச்சி முடிச்சிட்டு சும்மா இருந்தா இளம் தொழிலதிபர். உங்க வயசுன்னா வெறும் தொழிலதிபர். தலை நரைச்சிட்டா சமூக சேவகர். வாரத்துக்கு நாலு பேருக்காவது போடறேன்."

சிரிப்பு வந்துவிட்டது. ஆறு வாரத்தில் முதல் சிரிப்பு. ஆனால் வரியை எடுக்க அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "ஆர்டர் குடுத்தது அமுதா அக்கா. அவங்க ஓகே சொல்லட்டும்ணா, அப்பறம் என்னைத் திட்டுவாங்க" என்றாள்.

பைக்கில் திரும்பி வரும் வழியெல்லாம் பேனர் படித்துக்கொண்டே வந்தேன். கல்யாண பேனர், மஞ்சள் நீராட்டு பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர். கரிக்கலாம்பாக்கம் வருவதற்குள் ஏழு தொழிலதிபர்கள். இத்தனை தொழிலதிபர்கள் இருக்கிற ஏரியாவில் எனக்கு எப்படிங்க வேலை போச்சு? ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நீ நிஜமா, இல்லை நம்ம ஆளா? நீயும் டீக்கடையை மாற்றிக்கொண்டிருக்கிறாயா? கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு சிரிக்கிறவனிடம் எதைக் கண்டுபிடிக்க முடியும்?

அப்படியே அமுதா இருக்கும் கரையாம்புத்தூருக்கு வண்டியைத் திருப்பினேன்.

அமுதாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு மாடு, சொசைட்டிக்குப் பால், வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தது இந்தக் குழந்தை. அந்த ஒன்பது வருஷமும் மாமியார் வீட்டில் அவள் கேட்காத பேச்சில்லை. அங்கே அவள் தலையை நிமிர்த்திச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் வைத்திருந்தாள். "எங்க அண்ணன் கம்பெனியில இருக்காரு."

இப்போது அந்த வாக்கியம் இல்லை என்று போய்ச் சொல்ல வேண்டும். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவளிடம் நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

அவள் கை தவிட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"எப்ப?"

"ஆறு வாரம் ஆச்சிம்மா."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

எப்படி இருக்கிறாய் என்று கேட்பாள் என நினைத்திருந்தேன். யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். அப்புறம் குரலை இறக்கி, "ஃபங்ஷன் முடியட்டும்ணா. அதுவரிக்கும் அந்த வரி இருக்கட்டும். காதுகுத்துப் பத்திரிகையில வேற போட்டாச்சி. எங்க மாமியார் வூட்டு ஜனம் அத்தினியும் வருது... எனக்காவ" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.

திரும்பும் வழியில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன். நாற்பத்தாறு வயது ஆள். வேலை போன அன்றுகூட அழவில்லை. இவளுக்கு வேண்டியது அண்ணனா, அண்ணன் கம்பெனியா? நினைக்க நினைக்கக் கோபம் வந்தது. அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போதுதான் உறைத்தது. ஆறு வாரமாக நான் மட்டும் என்ன செய்துகொண்டிருந்தேன்? எனக்கும்தானே அந்த வரி வேண்டியிருந்தது?

மறுநாள் காலை பால் ஊற்றிவிட்டு வந்த கையோடு அமுதா போன் செய்தாள்.

"ண்ணா, வேற வேலை தேடறியா?"

"தேடறேன்."

"எங்க தேடற?"

"போன்லதான். நாலஞ்சி எடத்துக்கு பயோடேட்டா அனுப்பியிருக்கேன்."

"யாரு கிட்டல்லாம் சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல."

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டாள்.

"நம்ம கன்னுக்குட்டி கயித்த அத்துக்கினு போனப்ப இன்னா பண்ணேன் நானு? நெட்டப்பாக்கம் வரிக்கும் போயி கண்டவங்களயெல்லாம் நிறுத்திக் கேட்டேன். கேட்டதாலதான கெடச்சிது? நீ வேலையக் காணோம்னு சொல்லிட்டு, கதவ சாத்திக்கினு வூட்டுக்குள்ளயே தேடறியே, உனக்கு அறிவிருக்குதா? நேத்து நான் பேசனது தப்புதான். அந்தப் பேச்ச பேசிட்டு எனக்கு சோறு எறங்கல. ஆனா ஆறு வாரம் கூடப் பொறந்தவ கிட்ட வாயத் தொறக்காம இருந்தியே, அது அதவிடத் தப்பு!"

என்னைப் பேச விட்டால்தானே!

"எங்க மாமியார் கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள்.

எனக்கு பகீரென்றது. "அவங்க இன்னா சொன்னாங்க?"

"'எங்க போர் மோட்டாரு அப்பப்ப குர்ருன்னு கத்திட்டு நின்னுடுது, அந்தத் தம்பி வந்து பாக்குமா'ன்னு கேக்குது."

ஒன்பது வருஷமாக என் தங்கையைப் பேச்சாலேயே வறுத்தெடுத்த அம்மாள். என் வேலை போன செய்தியில் அவருக்குத் தெரிந்தது, இனி எலெக்ட்ரீஷியன் பகலிலும் கிடைப்பான் என்பதுதான்.

"அந்தப் பேனர் பொண்ணு கிட்ட சொல்லு" என்று அமுதாவே முடிவு செய்தாள். "எங்க இருந்தன்னு போட வேணாம். உனக்கு இன்னா தெரியும்னு போடட்டும். கீழ நம்பரையும் போடச் சொல்லு."

உனக்கு என்ன தெரியும்... நீங்களும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள், சிரமமான கேள்வி! பேங்க் ஃபாரம், பள்ளிக்கூட அட்மிஷன், கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றிலும் பத்தொன்பது வருஷமாக எங்கே வேலை என்று மட்டுமே எழுதியிருக்கிறேன். என்ன வேலை தெரியும் என்று ஒரு இடத்திலும் எழுதியதில்லை. யாரும் கேட்டதுமில்லை. ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேனா நகர அரை மணி நேரமானது. நகர ஆரம்பித்தபின் பேப்பர் போதவில்லை.

ஸ்டெல்லாவிடம் சுருக்கிக் கொடுத்தேன். தாய்மாமன். மோட்டார், பேனல் போர்டு, வயரிங் வேலை தெரிந்தவர். போன் நம்பர்.

"காதுகுத்து பேனர்ல போன் நம்பரா?" என்று ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். அப்புறம், "மஞ்சள் கலர்ல போடறேன்ணா, தூரத்துல வந்தாலும் தெரியும்" என்றாள்.

விழா நன்றாக நடந்தது. குழந்தை என் மடியில் உட்கார்ந்து மண்டபம் அதிரக் கத்தி, என் புதுச் சட்டையைப் பிய்த்தெடுத்தது. கம்பெனி பெயர் எங்கே போயிற்று என்று இரண்டு பேர் கேட்டார்கள். "அங்கிருந்து நின்னுட்டேன்" என்றேன். "அப்பிடியா" என்று பந்திக்குப் போய்விட்டார்கள். ஆறு வாரமாக நான் பயந்துகொண்டிருந்தது இந்த "அப்பிடியா"வுக்குத்தான்.

அந்த வாரமே மோட்டாரைப் பார்த்தேன். ஸ்டார்ட்டரில் ஒரு கான்டாக்ட் கருகிப் போய், ஒரு ஃபேஸ் சரியாக வரவில்லை. மாற்றினேன். தண்ணீர் கொட்டியது. பக்கத்தில் நின்று பார்த்த அமுதாவின் மாமியார், "இவ்ளோ வேலை தெரிஞ்சி வெச்சிக்கினு கம்பெனிக்கு இன்னாத்துக்குப் போன தம்பி?" என்று கேட்டார்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் உங்களிடம் கதை விட மாட்டேன். சம்பளத் தேதியில் மனசு கனக்கிறது. பயோடேட்டாவும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். பேனரைப் பார்த்து வரும் போன்களில் பாதி மிக்ஸி ரிப்பேர். இன்னும் ஐந்து பத்துக்கு விழிப்பு வருகிறது. ஆனால் போர்வையை இழுப்பதில்லை. எழுந்து பழைய டீக்கடைக்கே போகிறேன்.

நேற்று ஒரு போன். "ண்ணா, பேனர் பார்த்தேன்" என்றது குரல். ஏம்பலத்துப் பையன். பேக்கிங் செக்‌ஷனில் இருந்தவன், என்னோடு அந்த பிஸ்கட் சாப்பிட்ட பதினோரு பேரில் ஒருவன்.

"மோட்டாரா, வயரிங்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லண்ணா." குரலைத் தாழ்த்தினான். "நான் வூட்ல இன்னும் சொல்லல. தெனம் டிஃபன் பாக்ஸ எடுத்துக்கினு கெளம்பி, எங்கியாவது உக்காந்துட்டு வரேன். மூச்சு முட்டுதுண்ணா. நீ எப்பிடிண்ணா சொன்ன?"

என்ன சொல்வது? தைரியமாக இரு என்பதா, எல்லாம் நன்மைக்கே என்பதா? எனக்குத் தெரிந்த ஒரே வழியைத்தானே நான் சொல்ல முடியும்?

"உனக்கு அக்கா, தங்கச்சி யாராவது இருக்காங்களாடா?"

"அக்கா இருக்குதுண்ணா, அரியாங்குப்பத்துல."

"நேரா அங்க போ. நல்லா திட்டு வாங்கிட்டு வா."