வெள்ளிக்கிழமை விரால்

என் அப்பாவுக்குக் குளத்து மீன் என்றால் இளக்காரம். தலைமன்னாரில் பிறந்து, ஒழுங்காக நடக்கப் பழகுமுன்னே மீன் வள்ளத்தில் ஏறியவர் அவர். "சேத்துக்குள்ள கிடக்கிறதெல்லாம் ஒரு மீனோ?" என்பார். அப்படிப்பட்ட மனிதர் ஓர் ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை, மண்டை பிளக்கிற வெயிலில், நறுவிலிக்குளத்தில் ஒரு குளக்கட்டில் தூண்டிலோடு நின்றார் என்றால், அதற்குக் காரணம் மீன் அல்ல, சோறு.

கதை இதுதான். அப்பாவின் ஒரே தங்கை, என் மாமி, நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் நறுவிலிக்குளத்தில் வயல் செய்கிற கமக்காரர் ஒருவரை விரும்பி, அவரோடு போய்க் கலியாணப் பதிவெழுதிவிட்டாள். அவர் சைவம், நாங்கள் வேதக்காரர். அன்றைக்கு மாதா கோயில் முற்றத்தில், ஊர் பார்த்திருக்க, அப்பா சத்தியம் பண்ணினாராம்: "அவளின்ர வீட்டில ஒரு வாய் சோறு தின்னன்." அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவேயில்லை. மாமாவின் பெயரை எங்கள் வீட்டில் எவரும் சொல்வதில்லை. சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் 'அந்தக் கமக்காரன்'.

பிறகு மாமியின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் இருத்தித்தான் காது குத்த வேண்டும். மாமிக்கு இருப்பதோ இந்த ஒரு தமையன். மாமி சொல்லியனுப்பிய ஆளை அப்பா வாசலிலேயே திருப்பியனுப்பினார். அம்மாதான் விடவில்லை. அம்மாவும் மாமியும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள்.

"சோறு தின்னன் எண்டுதானே சத்தியம் பண்ணினனீங்கள்? மடி குடுக்கன் எண்டு சொல்லேல்லையே!" என்றாள் அம்மா.

அப்பா இரண்டு நாள் உறுமிக்கொண்டு திரிந்தார். பிறகு ஒத்துக்கொண்டார், ஆனால் தன் கணக்கில். முகூர்த்தம் விடியப்புறத்தில். அந்த நேரத்துக்கு மன்னாரிலிருந்து பஸ் கிடையாது. ஆகவே முதல் நாளே போய்க் குளக்கட்டில் தங்குவது, தானே சமைத்துத் தின்பது, காது குத்தியதும் திரும்பிவிடுவது. அரிசி, தூள், உப்பு, தேங்காய், சட்டி, பானை எல்லாம் பனையோலை உமலில் போனது. கைக்குழந்தையோடு அம்மாவால் வர முடியவில்லை. அப்பா பாதி வழியில் மனம் மாறித் திரும்பிவிடாதிருக்கத்தான் என்னைக் கூட அனுப்பினாள் என்று நினைக்கிறேன்.

"கறிக்கு மீன்?" என்று நான் கேட்டேன்.

"குளம் கிடக்குதுதானே. கடலில பிடிக்கிறவனுக்குக் குளம் என்ன பெரிய வேலையோ?"

குளம் கிடந்தது, உண்மைதான். ஆனால் கோடையில் பாதிக்கு மேல் வற்றி, ஓரமெல்லாம் வெடித்துப்போய், வயலுக்குத் தண்ணீர் திறக்கிற துருசடியில் மட்டும் ஆழமாக ஒரு மடு மிஞ்சியிருந்தது. கரைத் தண்ணீரில் கால் வைத்தேன், தேத்தண்ணிச் சூடு. அந்தச் சூட்டில் எந்த மீன் மேலே வரும்? எல்லாம் தாமரை இலைகளுக்குக் கீழே அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. விடியப்புறம் போட்டிருந்தால் கடித்திருக்கும். அப்பாவோ உச்சி வெயிலில், காய்ந்த இறாலைக் குத்தி, பாரை மீனுக்குப் போடுகிற பெரிய தூண்டிலை வீசினார். அதைக் கண்ட குளத்து மீன் பயந்திருக்குமே தவிரக் கடித்திருக்காது. பிறகு வீச்சு வலையை எடுத்தார். நைலோன் வலை, அப்போதுதான் புதிதாக வந்தது. முதல் வீச்சில் தாமரைக் கொடி வந்தது. இரண்டாவதில் ஒரு மரக்குற்றி வந்தது, வலையும் கிழிந்தது. எனக்குப் பசி காதை அடைத்தது.

"அப்பா, மாமி வீட்டில..."

"பொத்து வாயை!"

அந்த நேரம் பார்த்து எதிர்க்கரையில் ஒரு மனிதர் எருமைகளைச் சாய்த்துக்கொண்டு வந்தார். ஒல்லியான ஆள். நெற்றியில் மூன்று குறித் திருநீறு. அப்பாவின் முகம் இறுகியதைப் பார்த்ததும் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாமா எங்களைப் பார்க்காத மாதிரி நின்றார். எருமைகள் வழமையாகப் படுக்கிற ஆழமில்லாத பக்கத்தை விட்டுவிட்டு, அவற்றை நேரே மடுவின் அந்தப்பக்கத்து ஓரத்தில் இறக்கி, தானும் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினார். எருமைகள் உழக்க உழக்க அடிச்சேறு எழும்பி, அந்தப் பக்கம் முழுக்கக் கறுத்துக் கலங்கியது.

"பார் பிள்ளை, அவன்ர குறுக்காலபோன புத்தியை! நான் மீன் பிடிக்கிறன் எண்டு கண்டுதானே தண்ணியைக் கலக்கிறான்!" அப்பா ஏசத் தொடங்கினார். கடற்கரை ஏச்சு, அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. நானும் என் பங்குக்கு "எரும, எரும" என்று கத்தினேன். மாட்டைச் சொன்னேனா மாமாவைச் சொன்னேனா என்று இன்றைக்குக் கேட்டால், ஐயோ, மாமாவைத்தான்.

மாமா "ஹேய், ஹேய்" என்று எருமைகளை மட்டும் அதட்டினார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கத்துத் தெளிந்த தண்ணீரில் குமிழி எழும்பியது. பிறகு ஒரு வாய். பிறகு பல வாய்கள். சேறு கலங்கினால் மீனுக்கு மூச்சு முட்டும். தெளிந்த இடம் தேடி வரும். விராலும், யப்பான் மீன் என்கிற திலாப்பியாவுமாக எங்கள் காலடிக்கே வந்து வாயைப் பிளந்தன. அப்பா ஏச்சை நிறுத்தாமலே கிழிசலை முடிந்து வலையை வீசினார். ஏசிக்கொண்டே இடது கையை உயர்த்தி ஆட்டினார். அடிக்கத்தான் கையை ஓங்குகிறார் என்று நான் நினைத்தேன். மாமா எருமைகளை இடப்பக்கம் திருப்பினார். அப்பா கையைத் தாழ்த்தினார். எருமைகள் நின்றன. வலை கனத்து வந்தது. இப்படியே வாய் ஒரு பக்கம் திட்ட, கை ஒரு பக்கம் வேலை சொல்ல, பானை நிறைந்துவிட்டது. கடலில் தண்ணீரை அடித்து மீன் கலைக்கிற வள்ளத்துக்கு, வலைக்காரன் இப்படித்தான் கை காட்டுவான் என்பது எனக்கு அப்போது தெரியாது. அப்பா வென்றுவிட்டார் என்று துள்ளினேன்.

மாமா எருமைகளோடு கரையேறிப் போனார். நெற்றித் திருநீறு சேற்றோடு போயிருந்தது.

அப்பா கல் வைத்து அடுப்பு மூட்டும்போது மாமி குளக்கட்டில் வந்து நின்றாள். காது குத்தப்போகிற சின்னவளை இடுப்பில் வைத்திருந்தாள். அத்தனை வருடத்துக்குப் பிறகு தமையனோடு பேசப்போகிறவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை.

"அண்ணை, உங்கட பாட்டில காய்ச்சுங்கோ, நாங்கள் ஒண்டும் நினைக்கமாட்டம். இண்டைக்கு வெள்ளி, அதால எங்கட அடுப்பில மீன் ஏறாது. அதைச் சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான்."

அப்பா விறகை ஊதிக்கொண்டே கேட்டார்: "அந்தாள் விரதமோ?"

"ஓம். விடியத்தொடக்கம் பச்சைத் தண்ணியும் வாயில படேல்லை."

"விரதத்தோடயோ தண்ணிக்குள்ள இறங்கினது? மீனுக்கு?"

"மீனுக்கில்லை அண்ணை," என்றாள் மாமி.

அப்பா ஊதுவதை நிறுத்தினார். பிறகு பக்கத்திலிருந்த தண்ணீரை எடுத்து நெருப்பின் மேல் ஊற்றினார்.

"விரால் சாகாது. தண்ணிக்குள்ள விட்டால் நாளைக்கும் கிடக்கும்," என்று எழுந்து, சாரத்தில் கையைத் துடைத்தார். "என்ன கறி?"

மாமி சின்னவளை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். "பூசணிக்காய்," என்றாள்.

"எழும்பு பிள்ளை, போவம்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஒரு பானை மீன் துள்ளிக்கொண்டிருக்கிறது, இந்த மனிதர் பூசணிக்காய் தின்னக் கூப்பிடுகிறாரே! எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சிதான் ஆகாது, மீன் இல்லாமல் சோறே இறங்காது.

மாமி வீட்டில் பாய் விரித்து இலை போட்டிருந்தது. குளித்துவிட்டுப் புதுத் திருநீறோடு மாமா வந்து நின்றார். அப்பா பாயில் இருந்தால்தான் தானும் இருப்பேன் என்பது போல நின்றார். அப்பாவும் இருக்கவில்லை. இரண்டு பெரிய மனிதர்கள் இரண்டு மரம் மாதிரி நின்றார்கள். பசி பொறுக்காமல் நான் முதலில் இருந்துவிட்டேன்.

"இருங்கோ மச்சான்," என்றார் அப்பா.

மாமா சட்டென்று பாயில் இருந்தார். மாமி பரிமாறினாள். சோறு வைத்த இலையிலேயே மறுபடியும் சோறு வைத்தாள். ஒரு வாய் வைத்தேன். பூசணிக்காயில் உப்பே இல்லை.

"மாமி, கறிக்கு உப்புப் போடேல்லை!" என்று உரக்கச் சொன்னேன்.

மாமி பதறி அடுப்படிக்கு ஓடப் பார்த்தாள். அப்பா என் தொடையில் நன்றாக ஒரு கிள்ளுக் கிள்ளினார். "நல்லாத்தானே கிடக்கு," என்று சொல்லி இலையை முன்னால் நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் போடு பிள்ளை." மாமியைத்தான் பிள்ளை என்றார். வீட்டில் உப்புக் கொஞ்சம் குறைந்தாலும் சட்டியைத் தள்ளிவிட்டு எழும்புகிற மனிதர், இலையை வழித்துத் தின்றார். வெயிலில் நின்றதில் அப்பாவுக்கு நாக்கு மரத்துவிட்டது என்று முடிவுகட்டினேன்.

காதுகுத்து முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடினேன். மாமா எருமையை விட்டுக் குழப்பியும் அப்பா எப்படி மீனை அள்ளினார் என்று சொல்வதற்கு எனக்கு அந்தரமும் அவசரமுமாக இருந்தது. அம்மாவுக்கு அது வேண்டியிருக்கவில்லை. உப்பில்லாத பூசணிக்காயை அப்பா இரண்டாம் தரமும் வாங்கித் தின்ற கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தரமும் புதிதாகக் கேட்பவள் போலக் கேட்டாள். இவ்வளவு பெரிய மீன்கதையை விட்டுவிட்டு, இந்தச் சப்பைக் கறியில் என்னதான் இருக்கிறதென்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.